சித்தமா, சித்தியா? யோக நூல் வாங்குமுன் புரட்ட வேண்டிய பக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 21 நெருங்கினால் நாளிதழ் இணைப்புகளில் யோக நூல்களின் பட்டியல் வந்துவிடும். 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை சர்வதேச யோகா தினத்தை அறிவித்து, 2015இல் முதல் கொண்டாட்டம் நடந்ததிலிருந்து இது ஆண்டுச் சடங்காகிவிட்டது. முதுகுவலிக்கு ஆசனப் படப்புத்தகம், சர்க்கரை நோய்க்கு மூச்சுப் பயிற்சி, யாரோ ஒரு சுவாமிகளின் சொற்பொழிவுத் தொகுப்பு, நடுவே ஒரு பதஞ்சலி உரை என்று எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். உடம்பை வளைக்க விரும்புகிறவருக்கு அந்தப் பட்டியல் உதவலாம். உட்கார்ந்து தியானம் பழகவும் அதன் தத்துவத்தைக் கற்கவும் நினைக்கிறவருக்கு அதில் பாதிக்கு மேல் வேண்டாத சரக்கு. ஆனால் அவர் எந்தப் பட்டியலையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. கடையில் நின்றபடியே பத்து நிமிடத்தில் ஒரு நூலைச் சோதித்துவிடலாம். எந்தெந்த இடத்தைப் புரட்டுவது என்று தெரிந்தால் போதும். அதற்காகவே இக்கடிதம்.

குழப்பம் 'யோகம்' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. தமிழில் அதற்கு அதிர்ஷ்டம் என்றும் பொருள் உண்டு. ஜாதகத்தில் கிரகச் சேர்க்கை என்றும் பொருள் உண்டு. 'ராஜயோகம்' என்று கேட்டால் கடைக்காரர் ஜோதிட நூலை எடுத்து நீட்டுவதில் வியப்பில்லை. 'யோகா' என்று கேட்டால் ஆசனம். ஆனால் யோகத்தின் மூல நூலான பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்தைப் பற்றிப் பேசுபவை மூன்றே சூத்திரங்கள் (சுருக்க வாக்கியங்கள்): இரண்டாம் பாதத்தின் (பகுதியின்) 46, 47, 48. அசையாமலும் சுகமாகவும் இருக்க வேண்டும். முயற்சியைத் தளர்த்தி, எல்லையற்றதில் மனத்தைப் படிய விட வேண்டும். அப்போது குளிர், வெப்பம் போன்ற இரட்டைகள் தாக்கா. அவ்வளவுதான். எஞ்சியவை பெரும்பாலும் சித்தம் என்ற உள்ளக் கருவியையும் அது தெளிகிற வழியையும் பற்றியவை. ஆகவே தியான யோகத்துக்கு முதல் நூல் பதஞ்சலியின் மூலம்தான். வேறு எதை வாங்கினாலும் இதற்குப் பிறகு வாங்கலாம்.

மூலம் மிகச் சிறியது. சமாதி பாதத்தில் 51, சாதன பாதத்தில் 55, விபூதி பாதத்தில் 55, கைவல்ய பாதத்தில் 34, ஆக 195 சூத்திரங்கள். சில பதிப்புகளில் 196 இருக்கும். அது அச்சுப்பிழை அன்று. மூன்றாம் பாதத்தில் ஒரு வரியைச் சிலர் தனிச் சூத்திரமாக எண்ணுகிறார்கள். சிலர் அதை உரையின் பகுதியாகக் கொள்கிறார்கள். இதனால் அந்தப் பாதத்தின் பின்பகுதியில் எண் ஒன்று தள்ளிப்போகும். சித்திகள் (அற்புத ஆற்றல்கள்) சமாதிக்கு (தியானம் முதிர்ந்த ஒடுக்கத்துக்கு) இடையூறு என்று சொல்லும் புகழ்பெற்ற சூத்திரம் ஒரு நூலில் 37 ஆகவும் இன்னொன்றில் 38 ஆகவும் இருப்பது இப்படித்தான். இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் படிப்பவர் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் வேறு சூத்திரத்தின் உரையைப் படித்துக்கொண்டிருப்பார். சூத்திரத்தின் முதல் சொல்லையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

இனி நூலைக் கையில் எடுப்போம். மூல சூத்திரம், பதவுரை, பொழிப்புரை, விளக்கம் ஆகிய நான்கும் தனித்தனியாகத் தெரிகின்றனவா? இதுதான் முதல் பார்வை. மூலம் இல்லாமல் 'பதஞ்சலி சொல்கிறார்' என்று பக்கம் பக்கமாக ஓடும் நூலில் எது பதஞ்சலி, எது ஆசிரியர் என்று பிரிக்க முடியாது. விளக்கத்திலும் மரபான பாஷ்யம் (பழைய விரிவுரை) சொல்வது எது, நூலாசிரியர் தாமாகச் சேர்ப்பது எது என்று காட்டியிருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத நூல் எவ்வளவு இனிமையாக எழுதப்பட்டிருந்தாலும் பாடநூலாகாது. ஓய்வு நேரத்தில் படிக்கலாம்.

தமிழ்ப் பதிப்புகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. முதல் பாதத்தின் இரண்டாம் சூத்திரம் யோகத்தின் இலக்கணத்தைச் சொல்கிறது: சித்த விருத்திகளின் நிரோதமே யோகம். இதைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். உள்ளக் கருவியைக் குறிக்கும் சொல்லும் 'சித்த'; சித்த வைத்தியத்தில் வருகிற, கைகூடியவன் என்ற பொருளுடைய சொல்லும் 'சித்த'. வடமொழியில் அவை இரண்டும் முதலெழுத்திலிருந்தே வேறு. அடுத்தது 'விருத்தி'. இங்கே அதற்கு மனத்தின் அசைவு, அது எடுக்கும் வடிவம் என்று பொருள். ஆனால் வியாபார விருத்தி, வம்ச விருத்தி என்று பழகிய காதுக்கு அது வளர்ச்சி. அந்த வளர்ச்சிச் சொல்லும் வடமொழியில் வேறு சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இன்னும் வேடிக்கை, சித்தத்தின் உச்ச நிலையான 'நிருத்தம்'. ஒடுங்கியது என்பது பொருள். தமிழ் அகராதியில் நிருத்தம் என்றால் நடனம்.

பழைய சுலோகப் புத்தகங்களில் க, ச, ட, த, ப எழுத்துகளின் மேல் 2, 3, 4 என்று சிறு எண்கள் போட்டிருப்பார்கள். அந்த முறையில் அச்சிட்டால் அசைவு 'வ்ருத்தி', வளர்ச்சி 'வ்ருத்³தி⁴' என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். சித்தமும் 'ஸித்³த⁴'மும் பிரிந்துவிடும். இப்படி எண்ணிட்டு அச்சிட்ட மூலம் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். கிடைக்காவிட்டால், குறைந்தது பதவுரையிலாவது சித்தம் என்றால் என்ன, விருத்தி என்றால் என்ன என்று சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். சித்தம், மனம், புத்தி, உள்ளம் எல்லாவற்றுக்கும் 'மனம்' என்றே போட்டுக்கொண்டு போகிற நூல் இரண்டாம் சூத்திரத்திலேயே வாசகரைக் கைவிட்டுவிடுகிறது.

அதே சூத்திரத்தில் 'நிரோதம்' என்பதற்கு என்ன தமிழ் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். 'மனத்தை அடக்குதல்' என்று மட்டும் இருந்தால், படிப்பவர் உட்கார்ந்து எண்ணங்களோடு மல்லுக்கு நிற்பார். நெற்றி இறுகும், தாடை இறுகும், அரைமணியில் தலைவலி வரும். எண்ணம் மட்டும் குறையாது; விரட்டுவதும் ஓர் எண்ணம்தானே. வியாச பாஷ்யம் இதை எப்படிச் சொல்கிறது? பன்னிரண்டாம் சூத்திரத்தில், சித்தம் என்பது இரண்டு பக்கமும் ஓடுகிற ஆறு என்கிறது. ஒரு பக்கம் நன்மைக்கு, ஒரு பக்கம் தீமைக்கு. வைராக்கியத்தால் (பற்றின்மையால்) புலன் விஷயங்களை நோக்கிய ஓட்டத்தை அடைப்பது, விவேகப் பயிற்சியால் மறுபக்க ஓட்டத்தைத் திறப்பது, இரண்டும் சேர்ந்ததே நிரோதம். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கு இது உடனே புரியும்: ஒரு மடையை அடைத்தால் மறு மடையைத் திறந்தாக வேண்டும். அடைப்பதை மட்டும் சொல்லித்தரும் நூல் கரையை உடைக்கச் சொல்லித்தருகிறது என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஆற்று உவமை நீங்கள் புரட்டும் நூலில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், நூலாசிரியர் பாஷ்யத்தைத் திறந்து பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்துப் புரட்ட வேண்டியது முதல் பாதத்தின் பத்தாம் சூத்திரம். உறக்கத்தையும் ஒரு விருத்தி என்று அது சொல்கிறது. கனவில்லாத தூக்கமும் சித்தத்தின் ஓர் அசைவே, வெறுமை அன்று. தியானத்தில் உட்கார்ந்ததும் தலை தொங்கி, பதினைந்து நிமிடம் போனதே தெரியாமல் எழுந்திருக்கிறவர் பலர் அதைச் சமாதி என்று எண்ணிவிடுகிறார்கள். அதைத் திருத்துகிற சூத்திரம் இதுதான். நல்ல உரையில் இதற்குப் பத்து வரியாவது இருக்கும். அவசர உரையில் 'உறக்கம் என்பது எண்ணமற்ற நிலை' என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். அதாவது திருத்த வேண்டிய பிழையையே அது பாடமாகச் சொல்லியிருக்கும்.

பிறகு பதினான்காம் சூத்திரம். பயிற்சி உறுதிப்படுவதற்கு நீண்ட காலம், இடைவிடாமை, மதிப்போடு செய்தல் என்று மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறது. அட்டையில் '21 நாட்களில்' என்று போட்ட நூலில் இந்தச் சூத்திரம் எந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது சுவாரசியமான வேலை. பெரும்பாலும் உட்கார்ந்திருக்காது.

முப்பதும் முப்பத்தொன்றும் அதைவிட அவசியம். நோய், மந்தம், ஐயம், கவனக்குறைவு, சோம்பல், ஆசை விடாமை, பிழைக்காட்சி, நிலை கிட்டாமை, கிட்டிய நிலையில் நில்லாமை என்று ஒன்பது இடையூறுகள். அவற்றோடு கூட வருபவை துயரம், மனக்கசப்பு, உடல் நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு. தியானத்தில் தவறு நேர்ந்தால் எப்படித் தெரியும் என்பதற்கு இது கைப்பட்டியல். குறிப்பாகப் பிழைக்காட்சி: கண்மூடினால் தெரியும் ஒளி, காதில் கேட்கும் ஒலி, முதுகில் ஓடும் கூச்சம் இவற்றையெல்லாம் முன்னேற்றம் என்று கணக்கு வைப்பது. பயன்களை மட்டும் அடுக்கிவிட்டு இந்த ஒன்பதையும் ஒரே பத்தியில் கடக்கும் நூலை நம்பித் தனியாக உட்காரக் கூடாது. மனநலத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் எந்த நூலையும் நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. மணிக்கணக்காக உட்காரும் பயிற்சியைத் தம் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கவும் கூடாது.

மூன்றாம் பாதத்துக்கு வந்தால், முதல் இரண்டு சூத்திரங்களைப் பாருங்கள். சித்தத்தை ஓரிடத்தில் கட்டுவது தாரணை. அங்கே அறிவு ஒரே ஒழுக்காக ஓடுவது தியானம். மரபில் இதற்குச் சொல்லும் உவமை எளியது: நீர் சொட்டுச் சொட்டாக விழுவது தாரணை, எண்ணெய் அறாமல் இழையாக விழுவது தியானம். நாம் 'தியானம் செய்தேன்' என்று சொல்வதில் பெரும்பங்கு உண்மையில் தாரணை முயற்சிதான். இரண்டையும் 'மனதை ஒருமுகப்படுத்துதல்' என்று ஒரே சொல்லால் மொழிபெயர்த்த நூல் பயிற்சிக்கு உதவாது. அதன் பின் வரும் சித்திகள் பகுதியில் எத்தனை பக்கம் செலவழித்திருக்கிறார்கள் என்றும் எண்ணிவிடுங்கள். யானை பலமும் பிறர் மனம் அறிதலும் ஐம்பது பக்கம், அவை சமாதிக்கு இடையூறு என்கிற சூத்திரம் ஐந்து வரி என்றால் அந்த நூல் யாருக்காக எழுதப்பட்டது என்று விளங்கிவிடும்.

நான்காம் பாதத்தில் 34 சூத்திரங்களே உண்டு. ஆனால் தத்துவம் கற்க வருகிறவருக்குச் சதைப்பற்று அங்கேதான். பொருள் என்பது மனத்தின் கற்பனை மட்டுமா, மனத்துக்கு வெளியே நிற்கிறதா என்ற வாதம் அதில் வருகிறது. அதை, எல்லாம் மனமே என்னும் பௌத்த விஞ்ஞானவாதத்துக்கு மறுப்பாக உரையாசிரியர்கள் விரிப்பார்கள். பல தமிழ் நூல்களில் இந்தப் பாதம் வரும்போது எழுதியவருக்குக் களைப்பு வந்துவிட்டது தெரியும். நாலே பக்கத்தில் முடிந்திருந்தால் அந்த நூலைத் தத்துவத்துக்காக வாங்க வேண்டாம்.

உரைகளைப் பற்றி. வியாச பாஷ்யம் முதன்மையானது. அது இல்லாமல் சூத்திரங்கள் பாதி புதிர். சூத்திரத்தையும் பாஷ்யத்தையும் ஒரே நூலாகக் கருத வேண்டும் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் பாஷ்யத்தில் நேராக இறங்கினால் மூச்சு முட்டும். தாரா நகரை ஆண்ட போஜராஜனின் 11ஆம் நூற்றாண்டு உரை சுருக்கமானது, தொடக்கத்துக்கு நல்லது. நெரூரில் சமாதி கொண்ட சதாசிவ பிரம்மேந்திரர் எழுதிய யோகசுதாகரமும் அப்படியே. 'மானஸ ஸஞ்சரரே' பாடிய அவர்தான் சூத்திரத்துக்கு இவ்வளவு கச்சிதமான உரையும் எழுதியிருக்கிறார் என்பது கச்சேரிக்குப் போகிறவர்களில் பலருக்குத் தெரியாது. வாசஸ்பதி மிச்ரரின் தத்வவைசாரதி வியாசருக்கு உரை. விஞ்ஞானபிட்சுவின் வார்த்திகம் வேதாந்தத்தோடு இணக்கம் காணப் பார்க்கும். இவை இரண்டும் இரண்டாம் சுற்றுக்கு. சங்கரர் பெயரில் வழங்கும் விவரணம் 1952இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வெளியீடாக அச்சேறியது. அதை எழுதியவர் ஆதிசங்கரர்தானா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆதலால் 'சங்கரரே சொல்லிவிட்டார்' என்று அதை எடுத்து ஓங்கும் நூலைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்கலாம்.

ஆங்கிலம் படிப்பவர்களுக்கு வழி எளிது. எட்வின் பிரையன்ட்டின் 2009 பதிப்பு பழைய உரையாசிரியர்கள் ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள் என்று சூத்திரந்தோறும் தொகுத்துத் தருகிறது. ஹரிஹரானந்த ஆரண்யரின் நூல் சாங்கிய யோகத்தையே வாழ்வாகக் கொண்டவர் எழுதியது. கடினம், ஆனால் ஒரு சொல்லும் நழுவாது. அடையாறு பிரம்மஞான சபை 1961இல் வெளியிட்ட தைம்னியின் நூலில் சொல் பிரிப்பு நன்றாக இருக்கும், விளக்கத்தில் பிரம்மஞானக் கொள்கை கலந்திருக்கும். சுவாமி விவேகானந்தரின் 'ராஜயோகம்' 1896இல் வந்தது; தமிழிலும் கிடைக்கிறது. உற்சாகத்துக்கு அதற்கு இணை இல்லை. ஆனால் அதன் முற்பகுதியில் வரும் இடை, பிங்கலை, சுழுமுனை என்ற நாடிகள், குண்டலினி எல்லாம் பதஞ்சலியில் இல்லாதவை. அடயோக, தந்திர நூல்களிலிருந்து வந்தவை. சூத்திர மொழிபெயர்ப்பு பிற்பகுதியில்தான் இருக்கிறது, அதுவும் தாராளமான மொழிபெயர்ப்பு. இது தெரிந்து படித்தால் நூலுக்கும் நியாயம், பதஞ்சலிக்கும் நியாயம்.

பதஞ்சலிக்குத் துணையாக ஒரே ஒரு நூல் வாங்க முடியும் என்றால், யோகத்துக்கு அடித்தளமான சாங்கியத் தத்துவத்தைச் சொல்லும் ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை. எழுபது செய்யுள் சொச்சம். புருஷன் (அறியும் உணர்வு), பிரகிருதி (மூல இயற்கை), முக்குணம் என்று பதஞ்சலி விளக்காமல் விட்டுச்செல்லும் சொற்களுக்கெல்லாம் திறவுகோல் அதில் இருக்கிறது. தமிழ் வாசகர் இங்கே ஒரு குழியைத் தாண்ட வேண்டும். நமக்குப் பழக்கமானது தத்துவங்களை, அதாவது உலகும் உயிரும் அமைந்த கூறுகளை, எண்ணும் சைவ சித்தாந்தக் கணக்கு: ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5, ஆக 36. சாங்கியத்தில் 25தான். எண்ணிக்கை மாறுவது பெரிதில்லை, சொற்களின் இடம் மாறுவதுதான் சிக்கல். சித்தாந்தத்தில் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்று அந்தக்கரணம் (உட்கருவி) நான்கு. சித்தம் அவற்றில் ஒன்று. சாங்கியத்தில் அந்தக்கரணம் மூன்றே. பதஞ்சலியின் 'சித்தம்' அந்த மூன்றையும் சேர்த்துக் குறிக்கும் சொல். சித்தாந்தத்தில் புருடன் வித்தியா தத்துவம் ஏழில் ஒன்று, அதற்கு மேலே ஏற வேண்டிய படிகள் இன்னும் இருக்கின்றன. சாங்கியத்தில் புருஷனே முடிவு. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் இரண்டு கணக்கையும் ஒரே அட்டவணையில் கலந்து போட்ட நூல்கள் உண்டு. அட்டவணை அழகாக இருக்கும், படித்தவருக்கு இரண்டும் தெரியாமல் போகும்.

தமிழ் மூலம் என்றால் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம். பரவலான எண் வரிசையில் 549 முதல் 883 வரை. அட்டாங்க யோகம் (எட்டு உறுப்பு யோகம்) முழுவதும் இருக்கிறது, ஆனால் பதஞ்சலியின் நகல் அன்று. பதஞ்சலிக்கு இயமம் (பிறரோடு ஒழுகும் முறை) ஐந்து, நியமம் (தன்னொழுக்கம்) ஐந்து. திருமூலருக்குப் பத்தும் பத்தும். அவருடைய இயமப் பட்டியலில் பகுத்து உண்பதும் வருகிறது. நியமத்தில் சிவபூசையும் சித்தாந்தக் கேள்வியும் வருகின்றன. எனவே உரையாசிரியர் 'இதையே பதஞ்சலியும் கூறினார்' என்று ஒவ்வொரு பாட்டுக்கும் போட்டிருந்தால் அவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்று கொள்ளலாம்.

மூன்றாம் தந்திரத்தில் ஒரு பாட்டை மட்டும் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை வைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. பெரும்பாலான பதிப்புகளில் 568ஆவது. பூரகம் ஈரெட்டு, கும்பகம் அறுபத்து நாலு, ரேசகம் முப்பத்திரண்டு. இடது நாசியால் 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விடுவது. விகிதம் 1:4:2. இதில் மாத்திரை என்றால் எவ்வளவு? தொல்காப்பியம் கண்ணிமைப்பொழுதும் கைந்நொடிப்பொழுதும் மாத்திரை என்கிறது. எப்படிப் பார்த்தாலும் ஒரு விநாடிக்குக் குறைவு. சில நூல்கள் கூசாமல் 'விநாடி' என்று போட்டுவிடுகின்றன. அப்படியானால் ஒரு மூச்சுக்கு 112 விநாடி, அதில் ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சை அடக்கிவைப்பது. புதிதாகத் தொடங்குகிறவர் மூன்றாவது சுற்றில் திணறி, காற்றை வாயால் வாரி இழுப்பார், படபடப்பு, தலைசுற்றல். ரேசகம் சீராக வராமல் உடைந்தால் கும்பகம் அளவு மீறிவிட்டது என்று அறிய வேண்டும், அதுதான் அடையாளம். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மூச்சை நிறுத்தும் பயிற்சிக்கே போகக் கூடாது. நலமாக இருப்பவரும் கும்பகமே இல்லாமல் நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவதில் தொடங்கி, அது சில மாதம் சிரமமின்றி வந்த பிறகு மேலே போவதை ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளலாம். சுவாத்மாராமரின் அடயோகப் பிரதீபிகையும் இரண்டாம் அத்தியாயத்தில் இதைத்தான் எச்சரிக்கிறது: சிங்கம், யானை, புலியைப் பழக்குவதுபோல் மூச்சை மெல்ல மெல்லப் பழக்க வேண்டும், தவறினால் அது பழக்குகிறவனையே கொல்லும். ஆகவே பிராணாயாம அளவைக் கொடுத்துவிட்டு, யார் செய்யக் கூடாது என்று சொல்லாத நூலைக் கையிலிருந்து கீழே வைத்துவிடலாம். தியானத்துக்கு இவ்வளவு கும்பகம் தேவையும் இல்லை. பதஞ்சலி முதல் பாதத்தில் மூச்சை வெளிவிட்டு நிற்பதை மனத்தெளிவுக்கான பல வழிகளில் ஒன்றாக மட்டுமே சொல்கிறார்.

பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயத்தை மறந்துவிடக் கூடாது. 47 சுலோகம். இருக்கை மிக உயரமும் வேண்டாம் மிகத் தாழ்வும் வேண்டாம், மிகையாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணாதவனுக்கும் இல்லை என்று கைப்பிடித்துச் சொல்லும். தனியாக வாங்க வேண்டியதுகூட இல்லை, வீட்டில் எந்தக் கீதை இருக்கிறதோ அதுவே போதும். பாரதியார் மொழிபெயர்ப்பு இருந்தால் நல்லது.

ரமண மகரிஷியின் 'நான் யார்?' மெல்லிய நூல். 'உபதேச உந்தியார்' முப்பதே பாட்டு. இவை விசார மார்க்கம் (தன்னையே ஆராயும் வழி), பதஞ்சலி யோகம் அன்று. இருந்தும் இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. மூச்சை அடக்கினால் மனம் ஒடுங்கும், ஆனால் அது இலயம்தான் (தற்காலிக ஒடுக்கம்), நாசம் அன்று, மூச்சு வெளிப்பட்டதும் மனமும் வெளிப்படும் என்ற கருத்தைத் தமிழிலேயே எழுதிவைத்திருக்கிறார். நடுவில் மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை. உறக்கமும் விருத்தியே என்ற சூத்திரத்தில் தடுமாறுகிறவர் இந்தப் பக்கங்களைச் சேர்த்துப் படித்தால் தெளிவு வரும்.

வாங்கியதை எந்த வரிசையில் படிப்பது? முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை என்பதுதான் எல்லாரும் செய்வது, நடுவில் நிறுத்துவதும் அதனால்தான். முதல் பாதம் ஏற்கெனவே சித்தம் ஒருநிலைப்பட்டவருக்கு, இரண்டாம் பாதம் அலையும் சித்தம் உள்ளவருக்கு என்று வியாசரே இரண்டாம் பாதத்தின் தொடக்கத்தில் பிரித்துச் சொல்லிவிட்டார். நம்மில் யார் முதல் வகை? எனவே முதல் பாதத்தில் 1 முதல் 16 வரை இலக்கணத்துக்காகவும், 30 முதல் 39 வரை இடையூறுகளுக்காகவும் அவற்றுக்கான மருந்துக்காகவும் படித்துவிட்டு, இரண்டாம் பாதத்தை முழுவதும் படிக்க வேண்டும். அதன் பின் மூன்றாம் பாதத்தின் முதல் எட்டுச் சூத்திரங்கள். இவ்வளவும் சேர்த்து 89 சூத்திரங்கள். நாளுக்கு ஒன்று என்றால் மூன்று மாதம். விட்ட பகுதிகளுக்கும் நான்காம் பாதத்துக்கும் பிறகு திரும்பி வரலாம், அப்போது சாங்கிய காரிகை பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் பாடம் என்பது ஒரு சூத்திரம், அதன் பதவுரை, ஒரே ஓர் உரை. பிறகு இருபது நிமிடம் உட்காருவது. மூன்று உரைகளை ஒரே நாளில் ஒப்பிட்டால் வாதம் வளரும், உட்காருவது நின்றுபோகும். முதல் சுற்று முடியும்வரை உரையை மாற்றாமல் இருப்பதே இதில் பெரிய வைராக்கியம்.

வாங்குமுன் நூலகத்தில் பார்ப்பது நல்லது. மாவட்ட மைய நூலகங்களில் தத்துவப் பிரிவில் பழைய பதிப்புகள் தூசியோடு காத்திருக்கும். சென்னையில் கன்னிமாரா நூலகமும், 1886இல் பிரம்மஞான சபையின் ஆல்காட் தொடங்கிய அடையாறு நூலகமும் இருக்கின்றன. யோக உபநிடதங்கள் முதல் அடயோகப் பிரதீபிகை வரை செப்பமான பதிப்புகளை அடையாறு நூலகமே வெளியிட்டும் இருக்கிறது. திருமந்திர மூலம் மதுரைத் திட்டத்தின் மின்தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே பாட்டு சரியாக அச்சாகியிருக்கிறதா என்று ஒப்பிடப் பணம் தேவையில்லை. உரைக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். நூல் அறிமுகப் பகுதியில் யோக நூல் வரும்போது மூலம் உள்ளதா, பதவுரை உள்ளதா, எந்த மரபுரையைத் தழுவியது, நான்கு பாதமும் முழுமையா, சொல்லடைவு உள்ளதா என்ற ஐந்து விவரங்களை விலைக்குப் பக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்தால் வாசகருக்குப் பெரிய உதவி. 'அனைவரும் படிக்க வேண்டிய நூல்' என்ற வழக்கமான வரியை எடுத்தாலே அதற்கு இடம் கிடைத்துவிடும். பதிப்பகத்தார் மேல் எண்ணிட்ட எழுத்தில் வியாச பாஷ்யத்தோடு ஒரு தமிழ்ப் பதிப்பைக் கொண்டுவந்தால் அதை வாங்க ஆளிருக்கும்.

பழைய புத்தகக் கடையில் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. அட்டையையும் முதல் பக்கத்தையும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்காதீர்கள். தைத்த இழை விட்டுப்போனால் முதலில் உதிர்வது கடைசி பாரம் (மடித்துத் தைத்த தாள்கட்டு). நான்காம் பாதம் அதில்தான் இருக்கும். கைவல்யம் இல்லாத பதஞ்சலியைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேராமல், 34ஆம் சூத்திரம் இருக்கிறதா என்று கடையிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.